கடைசிப் பக்கத்தில் தொடங்கிய வாசிப்பு

எனக்கு அரபு தெரியாது. ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் பதினொரு வருடமாக அரபுப் பாடத்தின் அத்தனை தாள்களும் என் கையால்தான் போட்டோகொப்பி ஆகி வகுப்புகளுக்குப் போகின்றன. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில், முன்பு துணிக் கிடங்காக இருந்த கட்டடமொன்றில் நடக்கும் தனியார் பாடசாலை அது. நான் அங்கே அலுவலகச் செயலாளர். யாழ்ப்பாணத்துப் பொம்பிளைக்கு அரபுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். உங்கள் தொழிற்சாலை முதலாளி என்ன தமிழனா என்று திருப்பிக் கேட்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

கணக்கும் விஞ்ஞானமும் மற்றப் பாடசாலைகளைப் போல இங்கேயும் பிரெஞ்சில்தான். பெற்றோர் எங்களைத் தேடி வருவது வேறொன்றுக்காக. எங்கள் அறிமுகக் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: அரபு இங்கே முதல்மொழித் தரத்தில் கற்பிக்கப்படுகிறது. பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன்மார் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டுதான் என்னிடம் கேள்வி கேட்பார்கள். பிரெஞ்சுக்கு அரசாங்கப் பரீட்சை உண்டு, கணக்குக்கும் உண்டு. அரபை வெளியிலிருந்து வந்து ஒருவரும் சோதிப்பதில்லை. பெற்றோர் பார்ப்பதுதான் சோதனை, அதுவும் வருடத்தில் ஒரு நாள் பின்னேரம்.

அதற்கு வாசிப்பு மாலை என்று பெயர். பனிக்காலம் முடிகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு வெள்ளிக்கிழமையில் வரும். பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக மேடையேறி, கையில் ஒரு சிறு புத்தகத்தைப் பிடித்து, வரிக்குக் கீழே விரலை நகர்த்தி நகர்த்தி ஒரு கதையை வாசிப்பார்கள். தாய்மார் அழுவார்கள். தகப்பன்மார் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். நானும் பின்னால் மேலங்கிகள் தொங்கும் இடத்தில் நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், கை வலிக்கத் தட்டுவேன்.

மூன்றாம் வகுப்புக்கு அரபு படிப்பித்தவர் சிரியாவிலிருந்து வந்த ஆசிரியை. அங்கே இருபது வருடம் படிப்பித்தவர். இங்கே ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்தில் ஒப்பந்தம் நீடிக்குமா என்று காத்திருப்பவர். என்னோடு மட்டும் கொஞ்சம் சிரிப்பார். எங்கள் இருவரின் பிரெஞ்சும் ஒரே அளவு மோசம் என்பதால் ஒருவருக்கு ஒருவர் கூச்சமில்லை. வாசிப்பு மாலைக்கான புத்தகங்களை அச்சடிக்கும்போது அவர்தான் வந்து இயந்திரத்தைச் சரிசெய்து தருவார். அரபுப் புத்தகம் எங்களுடையதற்கு மறுபக்கமாகத் திறக்கும். எங்களுக்குப் பின்னட்டை அவர்களுக்கு முன்னட்டை. ஆகவே இயந்திரத்தில் சில பொத்தான்களை மாற்றி அழுத்த வேண்டும்.

அந்த வருடம் அவருக்குக் காய்ச்சல். கதையை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். நான் வழக்கமான பிரெஞ்சுப் புத்தகம் போல ஓடவிட்டேன். வெளியே வந்ததைப் பார்த்தால் படகுப் படம் போட்ட அட்டை எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அட்டைதான் மாறிவிட்டது என்று நினைத்தேன். இருபது புத்தகத்திலும் பின்னைக் கழற்றி, அட்டையை மட்டும் திருப்பி வைத்து, மறுபடி பின் அடித்தேன். ஒரு மணித்தியால வேலை. கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். வெளியே எல்லாம் சரி. உள்ளேயோ கதையின் கடைசிப் பக்கம் முதலாவதாகவும் முதற்பக்கம் கடைசியாகவும் இருந்தன. பக்க எண்கூட அவர்களுடைய இலக்கத்தில் இருந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

வாசிப்பு மாலை நடந்த அன்று காலையில்தான் ஆசிரியை காய்ச்சல் விட்டு வந்தார். புத்தகங்கள் மேடையில்தான் பிள்ளைகளின் கைக்குப் போயின. மூன்றாம் வகுப்பின் பதினாறு பிள்ளைகளும் வரிசையாக நின்று திறந்தார்கள். முதற்பிள்ளை தொடங்கியது. அடுத்தது தொடர்ந்தது. ஒரு தடங்கல் இல்லை.

அப்போது ஒரு தாய் பனியில் தாமதமாகி வந்து என் பக்கத்தில் நின்றார். இல்-பிசாரிலிருந்து தினமும் காரில் மகளைக் கொண்டுவந்து விடுகிறவர். அந்தத் தீவுக்குள் எங்கள் பாடசாலை வாகனம் போகாது. அவருடைய கணவர் ஜோர்தானில் வேலை கிடைத்து முன்னாலேயே போய்விட்டார். தாயும் மகளும் ஆகஸ்டில் போக இருந்தார்கள். அங்கே பாடசாலையில் எல்லாம் அரபில்தான். சேரும்போது ஒரு சோதனை வைப்பார்கள், தேறாவிட்டால் இரண்டு மூன்று வகுப்புக் கீழே சின்னப் பிள்ளைகளோடு இருத்திவிடுவார்கள் என்று அவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் பாடசாலையில் படித்தவளுக்கு என்ன பயம் என்று நானும் சொல்லியிருந்தேன்.

மகளின் முறை வருவதற்குள் அவர் கையில் மேலதிகப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். கூடவே வாசித்துப் பார்க்கட்டும் என்ற பெருமைதான். அவர் திறந்தார். நெற்றி சுருங்கியது. முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். மேடையில் மகள் வாசிக்கத் தொடங்கினாள். ஒன்பது வயது, கறுப்பு வெல்வெட் சட்டை. விரல் வரியின் கீழே ஒழுங்காக நகர்ந்தது. குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது. தாய் புத்தகத்தில் எதையோ தேடிப் பிடித்து, மகளைப் பார்த்தார், திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தார். கைதட்டல் எழுந்தபோது அவர் தட்டவில்லை. புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மகளுக்கு மேலங்கியைப் போட்டு அழைத்துப் போய்விட்டார்.

எல்லாரும் போனபிறகு ஆசிரியை ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் என்னவென்று கேட்டேன். சொன்னார். பிள்ளைகள் கதையின் முதற்பக்கத்தைச் சொல்லும்போது அவர்களின் விரல் கடைசிப் பக்கத்தில் ஓடியிருக்கிறது. பதினாறு பேரில் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை.

நான் என் பிழையை நினைத்து அழப்போனேன். அவர் என்னை நிறுத்தினார். பிழை உங்களுடையதல்ல என்று தொடங்கி, நெடுநாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார். கையேட்டில் கிழமைக்கு ஐந்து பாடவேளை. கிடைப்பது இரண்டு. பாடப்புத்தகம் வேறு நாட்டில், பிறந்ததிலிருந்து அரபைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. இங்கே ஒரு வீட்டில் மொரோக்கோ பேச்சு, ஒரு வீட்டில் லெபனான் பேச்சு, விளையாட்டு முற்றத்தில் எல்லாருக்கும் பிரெஞ்சு. புத்தகத்தில் இருக்கும் அரபு இவர்களில் ஒரு வீட்டிலும் பேசப்படுவதில்லை. எழுத்திலிருந்து தொடங்க விடுங்கள், மூன்றாம் வகுப்பானாலும் பரவாயில்லை என்று முதல் வருடமே அதிபரிடம் கேட்டிருக்கிறார். பெற்றோர் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. ஆகவே பார்ப்பதற்கு ஒன்றைச் செய்து கொடுத்தேன் என்றார். ஜனவரியிலிருந்து பிள்ளைகள் கதையைக் கேட்டுக் கேட்டே பாடமாக்கினார்கள். விரலை எப்போது நகர்த்துவது, எந்தச் சொல்லில் பக்கத்தைத் திருப்புவது என்றுகூடப் பழக்கியிருந்தார்.

திங்கட்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சத்தம் போட மாட்டார், தன் அறைப் பூச்செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றுவார். அன்றும் ஊற்றிக்கொண்டேதான் சொன்னார். அச்சுப் பிழைக்கு வருந்திப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். பக்கங்கள் மாறியிருந்தும் பிள்ளைகள் கலங்காமல் நினைவிலிருந்து சொல்லி முடித்ததைப் பாராட்ட வேண்டும். உங்களுக்குச் சின்ன வெட்கம், பாடசாலைக்குப் பெரிய உதவி என்றார். நான் தட்டச்சுச் செய்து, கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். எனக்கு வேலை முக்கியம். அதை மறைத்து என்ன பயன்.

அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்களைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. பிள்ளைகளின் ஞாபகசக்தியைப் புகழ்ந்து பத்துப் பேர் எழுதினார்கள். ஒரு தகப்பன் அலுவலகத்துக்கே வந்து, உங்கள் பிழையால்தான் என் மகன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரிந்தது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இல்-பிசார் தாய் மட்டும் பதில் எழுதவில்லை. புதன்கிழமை பதினொரு மணிக்கு நேரே வந்தார். ஜோர்தான் பாடசாலைக்கு அனுப்ப அரபுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார். அதற்கு எங்களிடம் ஒரு வழமையான படிவம் உண்டு: முதல்மொழித் தரம், மிகச் சிறப்பு. பெயரை மட்டும் மாற்றினால் போதும். நான் கணினியில் அதைத் திறந்தேன். அவர் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என் மகளுக்கு வாசிக்கத் தெரியுமா?” என்று பிரெஞ்சில் கேட்டார். “வீட்டில் எதைக் கொடுத்தாலும் களைப்பாக இருக்கிறது என்கிறாள். உண்மையைச் சொன்னால் ஆசிரியைக்கு வேலை போய்விடும், அதிபருக்குப் பாடசாலை போய்விடும். உங்களுக்கு அரபே தெரியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.”

கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறதே என்றேன். கடிதத்தைப் படித்தேன் என்றார். சான்றிதழ் திங்கட்கிழமை தயாராகும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். இரண்டு நிமிட வேலைக்கு ஐந்து நாள் கேட்டேன்.

சனிக்கிழமை காலை என் மகள் என்னைக் காரில் மரக்கறி வாங்கக் கூட்டிப்போனாள். அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. மருந்தகமொன்றில் வேலை. எட்டு வயதில் அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வாங்கியவள். அந்தப் பேச்சை நான்தான் எழுதினேன். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க அவளுக்கு நேரமெடுக்கும் என்று முழுவதையும் இங்கிலிஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். நடுவர்களுக்கும் தெரியும், அவர்களுடைய பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நின்றார்கள். பிள்ளை மழலையில்லாமல் முழங்குகிறாள் என்று மண்டபமே எழுந்து நின்றது. பரிசாகக் கொடுத்த வெற்றிக் கிண்ணம் இன்றும் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இன்றைக்கு அவளால் கடைப் பலகையில் ஒரு தமிழ்ச் சொல்லை வாசிக்க முடியாது.

சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டேன்.

“அண்டைக்கு மேடையிலை என்ன சொல்லுறாய் எண்டு உனக்கு விளங்கினதோ பிள்ளை?”

“இல்லையம்மா. எங்கை கையை உயர்த்திறது எண்டு மட்டும் தெரியும். நீங்கள் முன்னுக்கு இருந்து வாயசைச்சனீங்கள். அதைப் பார்த்துச் சொன்னனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் அவ்வளவு சந்தோசமா இருந்தியள்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். விளக்குப் பச்சையானதும் காரை எடுத்தாள். பதினெட்டு வருடம் அந்தக் கிண்ணத்தைத் தூசு தட்டி வைத்திருக்கிறேன். அவள் தமிழ் படிக்காமல் போனதற்கு இந்த நாட்டை, பள்ளிக்கூடத்தை, அவளுடைய சிநேகிதிகளை எல்லாம் திட்டியிருக்கிறேன். ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. அன்று கடையில் என்ன வாங்கினேன் என்றே நினைவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தத் தாய் வந்ததும், கவுண்டருக்கு வெளியே போய் அவர் பக்கத்தில் நின்று சொன்னேன். உங்கள் மகளுக்கு வாசிக்கத் தெரியாது. கதை பாடம், விரலும் பாடம். என் மகளுக்கு நானே இதைச் செய்தேன், அதனால் எனக்குத் தெரியும், அவளுக்கு இனி எட்டு வயது வராது, உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. என் மோசமான பிரெஞ்சில் இதைச் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. அவர் வெளியே போய்க் காருக்குள் ஏறினார். கார் நகரவில்லை. பனித்தூறலில் கண்ணாடித் துடைப்பான் ஓடிக்கொண்டே இருந்ததை ஜன்னலால் பார்த்தபடி இருந்தேன். அதிபரிடம் போகப்போகிறார், என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலம் கழித்து உள்ளே வந்து, ஆசிரியையைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

ஏப்ரலிலிருந்து ஜூன்வரை, கிழமைக்கு மூன்று நாள், பாடசாலை விட்டபிறகு ஆசிரியையும் அந்தப் பிள்ளையும் என் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார்ந்தார்கள். முதலாம் வகுப்புப் புத்தகம். மற்றப் பிள்ளைகள் கண்டுவிடாமல் அவள் அதைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவருவாள். ஆசிரியை அதற்கு மண்ணிறத் தாளால் உறை போட்டுக் கொடுத்தார். முதற்கிழமை முழுக்க அழுகைச் சத்தம் கேட்டது. அவளுக்கு ஆசிரியையில் கோபமில்லை, என்னில்தான் கோபம். அவளுடைய கைதட்டலைப் பறித்தவள் நான். என்னைக் கடந்து போகும்போது பொன்ஜூர் சொல்வதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு நொந்தது, ஆனால் அவளில் பிழை சொல்ல ஏதுமில்லை. மே மாதமளவில் அழுகை நின்று, சுவருக்கு அப்பால் ஒரு சொல்லைத் துண்டு துண்டாக இழுத்து ஒட்டும் குரல் கேட்கத் தொடங்கியது. பேச்சுப் போட்டிக் குரல் மாதிரி இல்லை, கல்லும் முள்ளுமாய் இருந்தது. நான் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

ஜூனில் மறுபடி சான்றிதழ்ப் பேச்சு வந்தது. மிகச் சிறப்பு என்ற தாள் வேண்டாம், உள்ளதை எழுதுங்கள் என்றார் தாய். அதிபருக்கு முகம் வாடிப்போனது. பொய்யும் வேண்டாம், பாடசாலையைக் காட்டிக் கொடுக்கும் தாளும் வேண்டாம், ஒன்றுமே கொடுக்காமல் விடுவோம் என்றார். அடுத்த நாள் ஆசிரியை பாடசாலைத் தாள் ஒன்றில் தன் கையால் அரபில் எழுதி, கீழே ஒப்பமிட்டு, என் மேசையில் வைத்தார். அவருக்கு அடுத்த வருட ஒப்பந்தம் இன்னும் வந்திருக்கவில்லை. உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன், மற்றது உங்கள் கையில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி நாள் மத்தியானம் அந்தப் பிள்ளை தனியாக வந்தாள். தாய் வெளியே காரில் இருந்தார். நான் தாளை நீட்டினேன். தாயிடம் கொண்டு ஓடுவாள் என்று பார்த்தால், கவுண்டரில் விரித்து வைத்துக்கொண்டு குனிந்தாள். விரலால் தொடவில்லை. உதடு அசைந்தது. ஒரு சொல்லில் நின்று, பின்னால் போய், மறுபடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு தகப்பன் ஏதோ படிவத்தோடு வந்து நின்று செருமினார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். ஆறு வரிதான். சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் போனது.

நிமிர்ந்தபோது அவளுடைய காதெல்லாம் சிவந்திருந்தது.

“நான் முதலாம் வகுப்புப் பிள்ளையைப் போல வாசிக்கிறேன் என்று இதில் இருக்கிறது,” என்றாள் பிரெஞ்சில்.

“ஓம்,” என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. அவளுக்கு விளங்கியது.

பிறகு எழுத்துகளுக்கு மேலும் கீழும் இருந்த சின்னச் சின்னக் கீறல்களைக் காட்டினாள். பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் இவற்றைப் போடமாட்டார்கள், வாசிக்கப் பழகும் பிள்ளைகளின் புத்தகத்தில்தான் இருக்கும் என்று எனக்கு விளக்கினாள். வேறொரு நாட்டு அதிபருக்குப் போகும் தாளில், ஆறு வரியிலும், ஓர் எழுத்தும் விடாமல் ஆசிரியை அவற்றைப் போட்டிருந்தார்.

“எனக்கு எழுதியிருக்கிறார்,” என்றாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மகளுக்கு இப்படி ஒரு தாளை எழுதும் துணிவு எனக்கு இருந்ததில்லை. நான் அவளுக்குக் கிண்ணம்தான் கொடுத்தேன்.

அதிபர் சாப்பிடப் போயிருந்தார். மேசை லாச்சியைத் திறந்து பாடசாலை முத்திரையை எடுத்தேன். அவசரத்தில் அது சற்றுச் சாய்வாகப் பதிந்தது. அவள் மை காயும்வரை தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அதே ஆறு வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.